பேஸ் வேணும், பாஸ் வேணாம்: நடு ஸ்பீக்கருக்காக ஒரு சண்டை

நம்ம பசங்ககிட்ட "நல்ல செட்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். வாயால் பதில் வராது. கையை எடுத்து நெஞ்சில் வைப்பார்கள். "இங்க அடிக்கணும் மச்சான்." குட் ஷெட்டில் நிற்கிற தனியார் பஸ்ஸிலிருந்து பேராதனை வீதியில் போகிற திரீவீல் வரைக்கும், கல்யாண வீட்டு டீஜேயிலிருந்து ஹொஸ்டல் அறை வரைக்கும் இதுதான் அளவுகோல். கண்ணாடி அதிருதா? அப்ப நல்ல செட்.

அந்த செட்டில் ஒரு படம் பார்க்கிறோம். ஹீரோவின் அம்மா சாகப்போகிற நேரம் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "விடு, பீஜீஎம் மாஸா இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த சீனுக்குப் போகிறோம்.

இதை ரசனை என்று சொல்லி விட்டுவிட எனக்கு இஷ்டம் இல்லை. ஒரு வீட்டில் யாருடைய காது முக்கியம், யாருடைய காது முக்கியமில்லை என்று நாம் எடுத்த முடிவு இது. யோசிக்காமல் எடுத்தோம், அவ்வளவுதான். இந்த முடிவை மாற்ற ஒரு மரப்பெட்டி போதும். சென்டர் ஸ்பீக்கர் என்று அதற்குப் பெயர். அதைக் கடையில் வாங்கத் தேவையில்லை, நாமே செய்யலாம். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டிக்காக வாதாடுகிறது.

சொல் எங்கே இருக்கிறது?

பழைய டெலிபோன் லைன் 300 ஹேர்ட்ஸிலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் கொண்டுபோனது. அதை வைத்தே உலகம் முழுக்க மனிதர்கள் காதலித்தார்கள், சண்டை போட்டார்கள், சாவுச் செய்தி சொன்னார்கள். பேச்சுக்கு அவ்வளவு போதும். சப் வூஃபர் வேலை செய்கிற 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே பேச்சைப் புரியவைக்கிற எதுவும் கிட்டத்தட்ட இல்லை.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிகிற இடம் சுமார் 2000 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையான சுற்றுவட்டாரம். நாக்கை மடித்துச் சொல்கிறபோது அந்த இடத்தில் இருக்கிற ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது. அதை வைத்துத்தான் "வால்" எது, "வாள்" எது என்று பிடிக்கிறோம். மொழியியல் வகுப்பில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதுகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதே இடத்தைக் குப்பை மாதிரி மூடி வைக்கிற ஸ்பீக்கரை "சூப்பர்" என்கிறோம்.

மூடுகிறது என்று சும்மா சொல்லவில்லை. பலமான தாழ்ந்த சத்தம் தனக்கு மேலே இருக்கிற சத்தங்களைக் காதுக்குள்ளேயே மறைக்கும். மறுபக்கமாக அது அவ்வளவு இலேசில் நடக்காது. பேஸைக் கூட்டக் கூட்ட மெய்யெழுத்துகள் காணாமல் போவது இதனால்தான். வயசானவர்களுக்குக் காது போகத் தொடங்குவதும் உயர்ந்த அதிர்வெண்களிலிருந்துதான். ஆக, ஒரு வீட்டில் பேஸ் கூடும்போது முதலில் வெளியே தள்ளப்படுகிற ஆள் அந்த வீட்டின் மூத்த பொம்பளைதான். என்னுடைய அம்மாயி படம் பார்க்கும்போது "என்னா சொன்னான்?" என்று கேட்பதை இப்போது நிறுத்திவிட்டார். காது நன்றாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை என்று தெரிந்துகொண்டார்.

நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருக்கிற வீட்டில் வசனம் நடுவிலிருந்து வருவது போலக் கேட்பது ஒரு மாயை. இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால்தான் அந்த மாயை நிற்கும். அதற்கு நீங்கள் சரியாக நடுவில் உட்கார வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கிட்ட இருக்கிற ஸ்பீக்கர் மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். முகம் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம்.

இதைச் சினிமாக்காரர்களும் சத்தத்தை ஆராய்ந்தவர்களும் ரொம்ப காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வுகூடத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவின் சத்தத்தை வொஷிங்டனில் இருந்த ஒரு மண்டபத்துக்கு லைனில் அனுப்பிக் காட்டினார்கள். இடது, வலது மட்டும் இல்லை, நடு என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. பெரிய மண்டபத்தில் ஓரத்து நாற்காலிக்காரருக்கும் பாடகர் மேடையின் நடுவிலேயே நிற்க வேண்டும், அதற்காக. தியேட்டரில் திரைக்குப் பின்னால், துணியில் இருக்கிற நுண்ணிய துளைகள் வழியாகப் பேசுகிற ஸ்பீக்கரும் இதே வேலையைத்தான் செய்கிறது. 1977இல் ஸ்டார் வோர்ஸோடு பரவலான டொல்பி ஸ்டீரியோவிலும் அந்த நடு இருந்தது. 1987இல் டொல்பி புரோ லொஜிக் வந்த பிறகுதான் அந்த நடு வீட்டுக்குள் இறங்கியது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தியேட்டரில் இடது, நடு, வலது மூன்றும் ஒரே அளவு, ஒரே சாதி. வீட்டுக்கு வந்ததும் நடு ஸ்பீக்கரைப் படுக்க வைத்துவிட்டார்கள். ஏன்? டீவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் அது நுழைய வேண்டும். காதுக்காக இல்லை, தளபாடத்துக்காக.

படுக்க வைத்ததில் என்ன நட்டம் என்று கணக்குப் பார்ப்போம். கடையில் கிடைக்கிற வழக்கமான சென்டரில் நடுவில் ஒரு ட்வீட்டர், இரண்டு பக்கமும் இரண்டு வூஃபர். அந்த இரண்டு வூஃபரின் மையங்களுக்கு இடையில் 30 சென்ரிமீட்டர் என்று வையுங்கள். நீங்கள் நடுவிலிருந்து 30 பாகை தள்ளி உட்கார்ந்தால், தூரத்து வூஃபரின் சத்தம் 15 சென்ரிமீட்டர் கூடுதலாக நடந்து வர வேண்டும். 1140 ஹேர்ட்ஸ் அளவில் ஓர் அலையின் நீளம் 30 சென்ரிமீட்டர். அதில் பாதி 15. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். தின்னப்படுகிற அந்த இடம் பேச்சின் நட்டநடுப் பகுதி.

30 பாகை என்றால் எங்கேயோ தூரத்தில் இல்லை. டீவியிலிருந்து ஆறரை அடி பின்னால் இருக்கிற ஒருவர் நடுவிலிருந்து நாலடிகூடப் பக்கமாகப் போகத் தேவையில்லை, 30 பாகை வந்துவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் சுவரோரமாக உட்காருகிற எல்லாரும் அதற்குள்தான்.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடு சோபாவில் யார்? அப்பா, அல்லது அண்ணன். ஓரத்து நாற்காலியில், குசினி வாசல்படியில், பாயில் சுவரோடு சாய்ந்து யார்? ரைஸ் குக்கரையும் ஒரு காதால் பார்த்துக்கொண்டு படம் பார்க்கிறவர்கள். இந்த ஸ்பீக்கரை வரைந்த என்ஜினியருக்கு நம்ம அம்மாமாரைத் தெரியாது. ஆனாலும் அவர் வரைந்த வரைபடம் நம் வீட்டு ஏற்பாட்டோடு அச்சாகப் பொருந்துகிறது. நடுவில் இருக்கிறவனுக்கு எல்லாம் கேட்கும். ஓரத்தில் இருக்கிறவள் அனுசரித்துக்கொள்ள வேண்டும்.

(நியாயமாகச் சொன்னால், வூஃபர்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் ட்வீட்டரையும் மேலும் கீழுமாக வைத்து இதைச் சரிசெய்த பெட்டிகளும் உண்டு. அவை பெரிய விலை.)

சுவருக்கு அந்தப் பக்கம்

ஒரு சாதாரண சுவர் சத்தத்தைத் தடுக்கிற அளவு, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். அதாவது பேச்சு சுவரோடு நிற்கும், பேஸ் சுவரைத் தாண்டும். உங்கள் படத்தின் வசனம் பக்கத்து வீட்டுக்குப் போகாது, உங்கள் டும் டும் மட்டும் போகும். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ லயத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்குப் பௌதிகம் தேவையில்லை. சில லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதே இல்லை. அடுத்த காம்பராவில் ஓ.எல் படிக்கிற பிள்ளை இருக்கும். காலையில் மலைக்கு ஏற வேண்டிய அக்கா இருப்பார்.

கண்டியில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இரவில் தமிழ் நியூஸ் வந்தால் என் அம்மா இன்றைக்கும் ரிமோட்டை எடுத்து வொல்யூமைக் குறைப்பார். 83 ஜூலையில் அவருக்கு எட்டு வயசு. யாரும் இப்போது எதுவும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி நல்லவர், புதுவருசத்துக்கு கொக்கிஸ் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் விரலுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இப்படி ஒரு ஊரில், தமிழைக் குறைந்த சத்தத்திலும் முழுசாகக் கேட்பது எப்படி என்கிற கேள்வி எனக்கு ஒரு ஹொபி விசயமாகத் தெரியவில்லை. வொல்யூமைக் கூட்டித் தன்னைக் காட்டுகிற அரசியல் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு: குறைந்த வொல்யூமில் ஒரு சொல்லும் சாகாமல் கேட்க வேண்டும்.

"அப்ப பேஸ் நம்ம கலாசாரம் இல்லையா, தப்பு இல்லையா, பறை இல்லையா" என்று யாராவது வருவீர்கள். வாங்க. தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது தப்புதான். பறை என்கிற சொல்லுக்கே சொல்லுதல் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக் கூட்டாளிகள் "பறையாதை" என்றால் பேசாதே என்றுதான் பொருள். பறை அறைந்து சேதி சொன்னவன், சேதி சொல்கிற நேரம் கையை நிறுத்தினான். நீங்கள் நிறுத்துவதே இல்லை. பறையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், அது என் பக்கம்தான் பேசும்.

பேஸும் பாஸும்

இரண்டாவது சண்டை இது. நமக்கு பேஸ் வேண்டும், பாஸ் வேண்டாம்.

மரவேலை செய்கிறவரையும் மேசன் வேலை செய்கிறவரையும் இந்த நாட்டில் பாஸ் என்கிறோம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் தலைவன், எஜமான் என்று பொருள். இங்கிலிஷில் பொஸ் ஆனதும் அதே சொல்தான். தலைவன் என்கிற பெயரை வைத்துக்கொண்டே அந்த ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தேத்தண்ணி கொடுக்கிற சமூகம் நம்முடையது.

நான் ஆர்ட்ஸ் பெக்கல்டி. பெட்டி செய்யப் போகிறேன் என்றதும் வந்த முதல் கேள்வி, "ஒனக்கு எதுக்கு இதெல்லாம், என்ஜினியரிங் பசங்க யாரையாச்சும் கேளேன்." டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 18 மில்லிமீட்டர் பலகை கேட்டதற்கு, "அண்ணன வரச்சொல்லுங்க தங்கச்சி, அளவு பிழைச்சிரும்" என்றார்கள். அளவு எழுதிய கடதாசி என் கையில்தான் இருந்தது. அதை அவர்கள் வாங்கிப் பார்க்கவே இல்லை.

கலைப்பீடத்துக்காரர்கள் வேலைக்கு உதவாதவர்கள் என்று இந்த நாட்டில் எல்லா அரசாங்கமும் ஒரு பாட்டுப் பாடுகிறது. அதை எதிர்த்துப் போஸ்டர் ஒட்டுகிறோம், சரி. ஆனால் நாங்களும் அதற்குள்ளேயே வேறொரு சாதி ஏணியைக் கட்டி வைத்திருக்கிறோமே! கையால் ஒன்றைச் செய்வது படிக்காதவன் வேலை, சிந்திப்பது நம் வேலை. மலையகத்தின் உழைப்பைப் பற்றி இருபது பக்க அசைன்மென்ட் எழுதுகிறவருக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாததைப் பெருமையாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதே பேராதனையில்தான் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அண்ணாவிமாரிடம் பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொண்டுதான் மாணவர்கள் ஆடினார்கள். படிப்பு கைகால்களுக்குள் இறங்கியதால்தான் அந்த நாடகங்களை இன்னும் பேசுகிறோம்.

எனக்குப் பலகை வெட்டிக் கொடுத்தவர் கம்பளைப் பக்கத்தில் அலுமாரி செய்கிற ஒரு சிங்கள பாஸ். அவருக்கு ஸ்பீக்கர் கோட்பாடு எதுவும் தெரியாது. கடதாசியைப் பார்த்தார், "நங்கி, மூல தொண்ணூறு இல்லாட்டி காத்து போகும்" என்றார். நான் நாலு நாள் வாசித்துத் தெரிந்துகொண்டதை அவர் நாலு செக்கனில் சொன்னார்.

சரி, எப்படி?

காத்துப் போகாத மூடிய பெட்டி. எளிமையும் அதுதான், பேச்சுக்கு நல்லதும் அதுதான். ஓட்டை வைத்து பேஸைக் கூட்டுகிற வேலை இங்கே வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் தீல் 1961இல் தொடங்கி, ஸ்மோல் 1970களில் விரித்து எழுதிய கணக்கு இன்றைக்கும் போதும். ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் தரவுத்தாளில் மூன்று எண்களைப் பாருங்கள்: எஃப்எஸ், கியூடிஎஸ், வீஏஎஸ். 0.707ஐக் கியூடிஎஸ்ஸால் வகுங்கள். வருவதை வர்க்கமாக்கி 1ஐக் கழியுங்கள். வீஏஎஸ்ஸை அந்த விடையால் வகுத்தால் பெட்டியின் உள்அளவு லீட்டரில் வரும்.

உதாரணம்: 5 அங்குல வூஃபர், எஃப்எஸ் 55, கியூடிஎஸ் 0.4, வீஏஎஸ் 10 லீட்டர். 0.707ஐ 0.4ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 3.12, ஒன்றைக் கழித்தால் 2.12. பத்தை அதனால் வகுத்தால் 4.7 லீட்டர். சத்தம் சுமார் 97 ஹேர்ட்ஸில் இறங்கத் தொடங்கும். பேச்சுக்கு அது தாராளம். உள்ளே 15 அகலம், 24 உயரம், 14 ஆழம் (சென்ரிமீட்டர்) வைத்தால் 5.04 லீட்டர். ஸ்பீக்கரின் முதுகு எடுக்கிற இடத்தைக் கழித்தால் கணக்குச் சரி. 18 மில்லிமீட்டர் பலகையில் வெளி அளவு 18.6, 27.6, 17.6.

உயரம் அகலத்தை விடக் கூட என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் பெட்டி நிற்கும், படுக்காது. ட்வீட்டர் வூஃபருக்கு நேர் மேலே. அப்போது ஓரத்தில் இருக்கிறவருக்கும் இரண்டும் ஒரே தூரம்தான். டீவியைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டுங்கள். சுவரில் ஆணி அடிக்கப் பயந்து காலங்காலமாக ஓரத்து நாற்காலியைத் தண்டிக்க வேண்டாம்.

தரவுத்தாள் கிடைக்காவிட்டால், காசும் குறைவென்றால், வாகனங்களுக்குப் போடுகிற கோஎக்ஸியல் ஸ்பீக்கர் ஒன்றே போதும். கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் இருக்கும். அதோடு வருகிற கெப்பசிட்டர் பிரிக்கிற வேலையைச் செய்யும். இரண்டு எச்சரிக்கை. அவற்றின் கியூடிஎஸ் பெரும்பாலும் கூட, அதனால் பெட்டி பெரிதாக வேண்டும்: 0.6க்கும் 8 லீட்டருக்கும் கணக்குப் போட்டால் இருபது லீட்டர் வரும். மற்றது, அவை வழக்கமாக 4 ஓம். உங்கள் அம்பின் பின்னால் எத்தனை ஓம் தாங்கும் என்று எழுதியிருக்கும், வாசித்துவிட்டுக் கொளுவுங்கள்.

எம்.டி.எஃப் நல்லது. பழைய அலுமாரிப் பலகையும் ஆகும். மரப்பசை, ஸ்க்ரூ, உள்மூலை எல்லாவற்றிலும் சிலிக்கன். உள்ளே தலையணைப் பஞ்சை லேசாக உதறிப் போடுங்கள், திணிக்க வேண்டாம். முடிந்ததும் கூம்பை விரல்களால் மெதுவாக அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி அடைத்திருக்கிறது. டக்கென்று வந்தால் எங்கோ காற்றுப் போகிறது. பாஸ் சொன்னது அதைத்தான்.

வரப்போகிற மறுப்புகள்

"சவுண்ட் பார் வாங்கலாமே." வாங்குங்கள், முடிந்தால். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 ஆனதை நம் வீடுகள் மறக்கவில்லை. வெளியிலிருந்து வருகிற பொருள் எதுவும் அதன் பிறகு பழைய விலைக்குத் திரும்பவில்லை. பெட்டியில் பெரும்பகுதி மரமும் உழைப்பும். அது இரண்டும் இங்கேயே இருக்கிறது.

"5.1 அம்ப் இல்லையே." அப்படியானால் இரண்டு சனலையும் ஒன்றாக்கித் தருகிற மோனோ அம்ப் ஒன்றைப் பிடித்து இந்த ஒரு பெட்டிக்கே கொடுங்கள். மோனோ கேவலமில்லை. இலங்கை வானொலியில் மயில்வாகனத்தின் குரலும் அப்துல் ஹமீதின் குரலும் கடல் தாண்டித் தமிழ்நாடு வரைக்கும் போனது ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோக்களில்தான். குசினியில் நின்ற அம்மாயிக்கு ஒரு சொல் தப்பவில்லை.

"ஆளுக்கொரு இயர்போன் இருக்கே, பிறகென்ன?" இதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிற பதில். ஒரே அறையில் ஐந்து பேர், ஐந்து காது, ஐந்து படம். சேர்ந்து கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காகச் சேர்ந்து கேட்பதையே விட்டுவிடுவதா?

"சென்டர் போட்டாலும் சில படத்தில் வசனம் கேட்காது." உண்மை. மிக்ஸிங்கிலேயே வசனத்தைப் புதைத்துவிட்டு வருகிற படங்கள் இருக்கின்றன. அதற்கு இசையமைப்பாளரையும் இயக்குநரையும் பிடித்துத் திட்டுங்கள், நானும் வருகிறேன். ஆனால் நம் பக்கத்து வேலையை முடித்துவிட்டுத் திட்டுவோம்.

இந்த வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் போடுங்கள். நீங்கள் போய் வாசல்படியில் உட்காருங்கள், அங்கே வழக்கமாக இருக்கிறவரை நடு சோபாவில் இருத்துங்கள். பத்து நிமிசம் கழித்துப் படத்தை நிறுத்தி, கடைசி வசனம் என்னவென்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் அளவு நாடாவை எடுங்கள். 15, 24, 14.